முடக்கடி வைரவரும் என் பழைய கேற்றும்

நான் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினவன். தேர்த் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, ஆட்களும் மாடும் சைக்கிளும் ஒன்றாய் நிற்கிற சந்தியில், பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பியிருக்கிறேன். ஒரு வண்டி ஒரு முடக்கில் திரும்புமா, திரும்பாதா என்று தூரத்தில் நின்றே சொல்லுவேன். அப்படிப்பட்ட என் வீட்டு வாசல் படலைக்கு ஒரு ஓட்டோ வர முடியாமல் போனது. அதற்குக் காரணம் நானேதான். இதை யாரும் என்னைப் பற்றிச் சொல்ல முதல் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஒழுங்கை பெரிய தெருவிலிருந்து நூற்றைம்பது அடி நேராக வரும். பிறகு வலப்பக்கம் செங்குத்தாய் ஒரு முடக்கு. முடக்குக்கு உள்ளே நாலு வீடு. கடைசி வீடு என்னுடையது. ஒழுங்கை என் மதிலில் முட்டி நிற்கும். முடக்கின் வெளிமூலையில் கனடாவில் போய் இருக்கிற ஒருவரின் மதில் நிற்கிறது. ஒழுங்கையின் விளிம்புவரை கொண்டுவந்து கட்டிய ஆறடி மதில். உள்ளே ஒருவரும் இல்லை, பலாமரம் மட்டும்தான். உள்மூலையில் வைரவர் இருந்தார். ஒரு சூலம், பீடம், மேலே சின்னக் கொங்கிறீற் கூரை, முன்னால் இரண்டு படி. எல்லாமாக ஒழுங்கையில் மூன்றடிக்கு மேல் பிடித்துவிட்டது. மோட்டார் சைக்கிள் போகும், ஆள் போகும், மாடு போகும். ஓட்டோ மூக்கை நுழைத்தால் பின்பக்கம் மதிலில் இடிக்கும்.

எனக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதனால் பல வருடம் அது எனக்குப் பிரச்சினையாகவே தெரியவில்லை. மனிதனின் அறிவு அவ்வளவுதான்.

போன வருடம் என் மனிசிக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவள் கோப்பையோடு குசினி நிலத்தில் சரிந்தாள். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் கொஞ்சம் கோணிப் பேச்சு மெதுவாகியது. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். டொக்டர் சொன்னது தெளிவு. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், கிழமையில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டும், விட்டால் அந்தக் கால் அப்படியே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து செய்ய ஆள் இல்லை என்றார்கள்.

அவளைக் கூட்டிவந்த ஓட்டோக்காரன் நீர்வேலிப் பக்கத்துப் பெடியன். பெடியன் என்றாலும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். முடக்கில் மூன்று தரம் முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தான்.

"ஐயா, வைரவரைக் கொஞ்சம் காலை மடக்கிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ" என்றான்.

"நக்கலடிக்காமல் எடு."

"எடுத்தால் ஒண்டில் சாமி உடையும், இல்லாட்டி என்ரை ஓட்டோ உடையும். எதை உடைக்க?"

ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கினேன். ஆனால் முடக்கோடு தார் நின்றுவிடுகிறது. சில வருடத்துக்கு முன் பிரதேச சபை ஒழுங்கைக்குத் தார் போட வந்தபோது ரோலர் முடக்கால் திரும்பவில்லை. அவர்கள் பாட்டுக்கு அதோடு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே மணலும் கல்லும் குழியும்தான். நாற்காலியின் முன்சில்லு ஒரு குழிக்குள் இறங்க, அவள் முகம் குப்புறப் போகப் பார்த்தாள். அன்றோடு அதுவும் முடிந்தது.

அதனால் அவளை வீட்டு நீலப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, நான் ஒரு பக்கமும் ஓட்டோக்காரன் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். முதல் தரம் பரவாயில்லை. இரண்டாம் தரம் வெள்ளிக்கிழமை. பயிற்சி முடிந்து திரும்பும்போது பின்னேரமாகிவிட்டது. வைரவருக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. சனம் விலகி வழி விட்டது. கதிரை நடுவால் போனது. எல்லோரும் பார்த்தார்கள். யாரோ "பாவம்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

வீட்டில் கட்டிலில் இருத்தியதும் அவள் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாய், நேரமெடுத்துச் சொன்னாள்.

"இனி நான் வரேல்லை. செத்தாப்பிறகு தூக்குங்கோ. அப்ப எனக்குத் தெரியாது."

"உது விசர்க்கதை. கால் வரவேணும் எண்டால் போகத்தான் வேணும்."

"ஓட்டோ படலையடிக்கு வந்தால் வாறன்."

அவ்வளவுதான். நான் கத்தினேன், கெஞ்சினேன், மகனை வெளிநாட்டிலிருந்து போனில் கதைக்க வைத்தேன். அசையவில்லை. ஆறு மாதத்தில் ஒன்றரை மாதம் போய்விட்டது.

இப்போது வைரவர் எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும்.

பத்துப் பதினொரு வருடத்துக்கு முன் அந்த முடக்கு ஊரின் குப்பைக் கிடங்கு. கோழிச் செட்டை, குழந்தைகளின் பம்பஸ், மீன் தலை, எல்லாம் அங்கேதான் வந்து விழும். யார் போடுகிறார்கள் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. நான் பலகையில் எழுதிக் கட்டினேன். பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சபைக்கு எழுதினேன். ஒருவர் வந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். அந்த நாட்களில் நான் என் வாசலின் பழைய இரும்புக் கேற்றைக் கழற்றி, அந்த இடத்தை மதிலால் அடைத்து, பக்கவாட்டில் புதுசு போட்டிருந்தேன். பழையதன் மேல்விளிம்பில் ஈட்டிமுனை வரிசை இருந்தது. ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது புத்தி அப்படிப் போனது.

பெரிய கோயில் தேரன்று ஒழுங்கையே காலி. நான் போகவில்லை. மூன்று முனை சேர்ந்து வருகிற ஒரு துண்டை அரிந்தெடுத்தேன். வெளியே தெரிகிற பச்சைப் பெயின்றைச் சுரண்டினேன். ஒரு பெயின்ற் வாளிக்குள் சீமெந்து ஊற்றி, அதில் நட்டு, காய்ந்ததும் வாளியை அறுத்தெறிந்தேன். மத்தியான வெயிலில் குப்பையை வழித்துவிட்டு முடக்கில் வைத்தேன். திருநீறு பூசி, சந்தனம் வைத்து, வேலியில் நின்ற செவ்வரத்தைப் பூ ஒன்றையும் பிடுங்கிச் செருகினேன்.

மனிசி படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமியைக் கொண்டுவந்து குப்பைக்குக் காவல் வைக்கிறியளோ?"

"வைரவர்தானே. காவல் அவருக்குப் பழகின வேலை."

"ஐயோ, சிரிக்க வைக்காதேங்கோ, பாவம் கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

குப்பை நின்றது. ஒரு கிழமைக்குள் நின்றது. எத்தனை கடிதமும் செய்யாததை ஒரு கேற்றுத் துண்டு செய்தது. மூன்றாம் கிழமை சூலத்தின் முன்னால் ஒரு சிட்டி விளக்கு எரிந்தது. நான் உள்ளுக்குள் சிரித்தேன். பிறகு சுற்றிக் கல் வைத்தார்கள். பிறகு தகரம். பிறகு யாரோ குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய மாபிளில் பீடம். பிறகு கூரை. வெள்ளிக்கிழமை வடைமாலை, வருடத்துக்கு ஒரு பொங்கல். ஒவ்வொரு கட்டமாய் அது ஒழுங்கைக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் அரை அடிதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வேலை இவ்வளவு பெரிதாய் வளர்ந்ததில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வடையும் சாப்பிட்டேன்.

விளக்கு வைத்தது முடக்குக்கு உள்ளே முதல் வீட்டு அக்கா. எழுபது வயது. புருஷன் எப்போதோ போய்விட்டார், இரண்டு மகள்மாரும் வெளிநாடு. தனியாகத்தான் இருக்கிறா. பத்து வருடமாகக் காலையும் பின்னேரமும் தவறாமல் எண்ணெய்ப் போத்தலும் கையுமாக வந்தவ.

மனிசி கதிரையில் ஏற மாட்டேன் என்றதும் நான் சபைக்குப் போனேன். இரண்டு தரம் அலைந்த பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். எல்லோரும் ரீ.ஓ. என்று கூப்பிடுகிற இளம் ஆள். நாடா போட்டு அளந்தார். தன் பதிவேட்டைப் பார்த்தார்.

"பதிவிலை பத்தடி ஒழுங்கை ஐயா. இந்த இடத்திலை ஆறேகால்தான் இருக்கு. கனடா மதில் அரையடி வெளியிலை. மிச்சம் முழுக்க உது."

"அப்ப உடையுங்கோ."

"மதில் எண்டால் நோட்டீஸ் அடிப்பன். கோயிலிலை நான் கை வைக்கேலாது."

"உது கோயிலில்லை. என்ரை கேற்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு அவருடைய கன்னத்தில் தெரிந்தது.

"உதை எழுதித் தருவியளே?"

மதிலில் வைத்தே எழுதிக் கொடுத்தேன். "மேற்படி முடக்கிலுள்ள வைரவர் என்னால் என் பழைய கேற்றில் செய்யப்பட்டவர்." அவர் அதை வாசித்து, மடித்து, கோப்புக்குள் வைத்தார்.

"ஐயா, இதை வைச்சு நான் ஒண்டும் செய்யேலாது. நாளைக்கு எங்கடை ஒஃபீசுக்கு முன்னாலை வந்து நிப்பினம். ஒழுங்கைச் சனம் எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. அப்ப நான் மிச்சத்தைச் செய்து தாறன்."

மதிலுக்கு அரையடி நோட்டீஸ் போனது. அதன் சொந்தக்காரருக்கு நானும் போனில் ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். மனிசியின் நிலைமையை எழுதினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அந்த அரையடி இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

வீடு வீடாகப் போனேன். எல்லோரிடமும் ஒரே பதில்தான். "அக்கா வைச்சால் நாங்களும் வைக்கிறம்." அக்கா கடிதத்தை வாசித்தா. கண்ணாடியைக் கழற்றினா.

"மனிசியின்ரை நிலைமை எனக்கு விளங்குது தம்பி. ஆனால் இருந்திட்ட சாமியை எழுப்பேலாது" என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பித் தந்தா.

நான் பொறுமைக்காரன் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வடை கொடுத்துக்கொண்டிருக்கும்போது போய் நடுவில் நின்றேன்.

"எல்லாரும் கேளுங்கோ. உது சூலமில்லை. என்ரை பழைய கேற். குப்பை போடாமல் இருக்க நான்தான் கொண்டுவந்து நட்டனான்."

இரண்டாம் வீட்டு வாத்தியார் பாதி வடையோடு நின்றார்.

"மனிசியின்ரை கவலையிலை உமக்கு மூளை குழம்பிப் போச்சு. போய்ப் படும்" என்றார்.

"குழம்பேல்லை. அடியிலை சுரண்டிப் பாருங்கோ, பச்சைப் பெயின்ற் இருக்கும்."

யாரும் சுரண்டவில்லை. அக்கா விளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"சுரண்டத் தேவையில்லை. பச்சைதான். முதல் கிழமையே கண்டனான்" என்றா. "உம்மடை கேற்றிலை எத்தினை நாள் வந்து தட்டியிருப்பன், எனக்குத் தெரியாதே?"

நான் அவவுக்குக் கிட்டப் போனேன்.

"தெரிஞ்சு கொண்டோ விளக்கு வைச்சனீங்கள்?"

"ஏன், கல்லு மட்டும் சாமியாய்ப் பிறந்ததே?"

"அப்ப சரி. வைச்சவன் நான். நானே எடுக்கிறன்."

"வைச்சது நீர். பத்து வருசம் எண்ணெய் விட்டது நான். பத்து வருசம் ஆண்டால் காணியே எழுதாமல் சொந்தமாகுதாம், கோட்டிலை அப்பிடித்தானே சொல்லுறாங்கள். எனக்கு இந்த மூண்டடி இல்லையோ?"

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கு ஏறியது.

"ஒழுங்கை என்ன உங்கடை சீதனமோ? தனிய இருக்கிற மனிசிக்கு வேறை வேலை என்ன, இப்பிடி ஏதாவது ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுதான்!"

சிரிப்பு நின்றது. சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். அக்கா எண்ணெய்ப் போத்தலை மூடினா. தட்டை எடுத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், தன் படலையைத் திறந்து உள்ளே போய்விட்டா. அடுத்த நாள் காலை விளக்கு எரியவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மூலையில் கத்தினால் மறு மூலையில் கேட்கும். மனிசிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"போய் மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள்.

"என்னத்துக்கு? வழியை மறிச்சது அவ."

"வழியை மறிச்சது நீங்கள்."

நான் போகவில்லை. வெட்கம் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அதற்கு நான் வைத்த பேர் நியாயம். மூன்றாம் நாள் நான் கடைக்குப் போய்த் திரும்பி வருகிறேன், வாசலில் அக்காவின் செருப்பு. மனிசி இடது கையால் போனை எடுத்து, எப்படியோ நம்பரைக் கண்டுபிடித்து, அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் விறாந்தையில் இருந்துவிட்டேன். உள்ளே போக முகம் இல்லை.

"அவர் சொன்னதுக்கு..." என்று மனிசி தொடங்கினாள்.

"அவர் சொன்னதிலை பிழையில்லை பிள்ளை. வேறை வேலை இல்லைத்தான்." அக்காவின் குரல் சாதாரணமாக இருந்தது. "அந்தச் சூலம் வர முதல், பின்னேரத்திலை வீட்டுக்குள்ளை இருக்கேலாமல் படலையைத் திறந்துகொண்டு வெளியிலை வந்து நிப்பன். போற வாற எல்லாரும் கேப்பினம். என்னக்கா, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஆரும் வருகினமோ? ஒருத்தரையும் பாக்கேல்லை, சும்மா நிக்கிறன் எண்டு சொன்னால் ஒரு மாதிரிப் பாப்பினம். பொம்பிளை சும்மா நிக்கேலாது. விளக்குத் தட்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டால் ஒருத்தரும் கேக்கிறேல்லை. நிண்டு ரெண்டு கதை கதைச்சிட்டும் போவினம்."

மனிசி மெதுவாகச் சொன்னாள்.

"என்னைத் தூக்கிக்கொண்டு போகேக்கை எல்லாரும் பாத்தவை, அக்கா. நீங்களும் பாத்தனீங்கள்."

"ஓம். பாத்தனான்."

"பாவம் எண்டு சொன்னது நீங்கள்தான்."

"ஓம் பிள்ளை," என்றா அக்கா. "நான்தான்."

நான் விறாந்தையில் இருந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்திக்கு யாரும் காரணம் கேட்காமல் அந்த ஒழுங்கையில் நிற்க வேண்டும். மற்றவளுக்கு யாரும் பார்க்காமல் அதே ஒழுங்கையால் போக வேண்டும். இரண்டும் பெரிய ஆசைகள் இல்லை. எனக்கு இந்த இரண்டும் பிறந்த நாள் முதல் சும்மா கிடைத்திருக்கின்றன. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எந்த நேரமும் எந்த முடக்கிலும் நிற்பேன். ஏன் நிற்கிறாய் என்று ஒருவனும் கேட்டதில்லை. பொதுவழி, பொதுவழி என்று சபைக்கு ஆறு கடிதம் எழுதினவன் நான். ஒழுங்கை பொது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யோசித்தவன் இல்லை. பத்தடி என்று அளந்ததோடு என் யோசனை முடிந்துவிட்டது.

"தம்பி, இஞ்சை வாரும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

போய் நின்றேன்.

"நான் கையெழுத்து வைக்கிறன். ஆனால் அவருக்கு இடம் வேணும்."

"வளவுக்குள்ளை எந்த மூலை எண்டாலும் எடுங்கோ."

"வளவுக்குள்ளை வேண்டாம். உள்ளை வைச்சால் நான் உம்மடை படலையைத் தட்டிக்கொண்டு நிக்க வேணும். நீர் கோவம் வந்தால் பூட்டுவீர். உம்மடை குணம் எனக்குத் தெரியாதே?" அக்கா கையால் காட்டினா. "ஒழுங்கை வந்து முட்டுற உம்மடை மதில். அதை நாலடி உள்ளுக்கு இழுத்துக் கட்டும். அவர் ஒழுங்கையைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும். கதவில்லை, பூட்டில்லை. உம்மடை வீடும் தெருக்குத்து, அவர் முன்னுக்கு இருந்தால் உமக்கும் நல்லம்."

"அக்கா, அது என்ரை காணி."

"ஒழுங்கையிலை மூண்டடி எடுத்தனீர்தானே. திருப்பிக் குடும்."

மனிசி கட்டிலில் இருந்து சிரித்தாள். வாய் கோணித்தான் சிரித்தாள். ஆனால் அன்று தேர் நாளில் படலையடியில் நின்று சிரித்த அதே சிரிப்பு. பாரிசவாதம் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. அதற்குப் பிறகு நான் என்ன வாதாட?

அக்கா எழுத்தில் கேட்டா. எழுதிக் கொடுத்தேன். நானோ எனக்குப் பின் வருகிறவர்களோ அந்த இடத்துக்குக் கதவு போடமாட்டோம், மறிக்கமாட்டோம் என்று. வாத்தியார் அதை வாசித்து இரண்டு எழுத்துப் பிழை திருத்தினார். பிறகு அக்கா முதல் கையெழுத்து, மற்ற எல்லோரும் பின்னால். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. மதில் உடைக்கிற அன்று காலையில் அக்காவின் வீட்டுக்குப் போய், "அக்கா, கூரை எவ்வளவு உயரம் வேணும்?" என்று கேட்டேன். "உம்மடை தலை இடிக்காத உயரம்" என்றா. அதோடு சரி.

ஐயர் நாள் பார்த்துக் கொடுத்தார். சாமியை ஒரு குடத்துத் தண்ணிக்கு எழுந்தருளப் பண்ணி, மந்திரம் சொல்லி, அதற்குப் பிறகுதான் அலவாங்கால் இடிக்க விட்டார். முதல் அடி யார் போடுவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் போட்டேன். மாபிள் உடைந்தது, படி உடைந்தது, அடியில் என் சீமெந்துக் கட்டி வந்தது. பெயின்ற் வாளியின் வளையம் அதில் அப்படியே பதிந்திருந்தது. சூலத்தின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை. ஐயர் அதைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. விரலால் சந்தனத்தை அள்ளிப் பச்சையின் மேல் பூசிவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

ஓட்டோக்காரனும் வந்து ஒரு கை பிடித்தான். புது இடத்தில் இறக்கியபோது என் காதோடு சொன்னான்.

"ஐயா, கேற் வீட்டை வந்திட்டுது."

உண்மைதான். நான் இடித்த மதில் துண்டு பழைய கேற் நின்ற இடம்.

தார் இன்னும் போடவில்லை. அடுத்த வருடம் என்று ரீ.ஓ. சொல்கிறார். அவர் இரண்டு லோட் கிறவல் மண் அனுப்பினார். ஒழுங்கைச் சனம் மண்வெட்டி எடுத்துக் குழிகளை நிரவியது. திங்கட்கிழமை காலை ஓட்டோ முடக்கால் திரும்பியது. நான் முன்னால் நின்று கையால் காட்டினேன். "ஒடி, ஒடி, இன்னும் ஒடி, விடு." கனடா மதிலுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் என் ஒரு கை போகும். போதும். படலையடியில் வந்து நின்றது.

மனிசியை ஏற்றினோம். ஏறியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அந்தக் கதிரையை என்ரை கண்ணிலை காட்டாதேங்கோ."

நான் அதை எடுத்து மதிலுக்கு வெளியே போட்டேன், யாராவது எடுக்கட்டும் என்று. பின்னேரம் வந்து பார்த்தால் அது வைரவருக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதில் அக்கா இருக்கிறா. முழங்கால் நோவாம். முடக்கிலிருந்து என் மதில்வரை நடக்க வேண்டும், பிறகு இருக்கவும் வேண்டும். இப்போது காலை ஐந்து மணிக்கு என் படுக்கையிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் மணி அடிக்கிறது. வெள்ளிக்கிழமை வடை பொரித்த மணம் யன்னலால் வருகிறது. என் வாசலில் நாலு பேர் நின்று உலகக்கதை கதைக்கிறார்கள். நான் யாரையும் கலைக்க முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது டொக்டர் கைத்தடி கொடுத்தார். கால் முழுதாக வராது என்றார். நாங்கள் பிந்தித் தொடங்கியதும் ஒரு காரணம் என்று சொன்னார். அப்படிப் போன காலத்தை நான் யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. அது என் கணக்கில்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஒரு பின்னேரம், நான் கிணற்றடியில் நிற்கிறேன். கைத்தடி நிலத்தில் தட்டுகிற சத்தம் படலைப் பக்கம் போகிறது. ஓடிப் போய்ப் பிடிக்கப் பார்த்தேன். இடது கையைக் காட்டி நிற்கச் சொன்னாள். நின்றேன். வலது காலை இழுத்து இழுத்து, படலையைத் தானே திறந்து, வெளியே போனாள். வைரவருக்கு முன்னால் நாலு பேர். ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. அக்கா அவதிப்பட்டு எழும்பிக் கதிரையை அவள் பக்கம் தள்ளினா.

"இரு பிள்ளை, இரு."

மனிசி அந்த நீலக் கதிரையைப் பார்த்தாள். பிறகு ஒழுங்கையைப் பார்த்தாள், முடக்குவரைக்கும்.

"நீங்கள் இருங்கோ அக்கா," என்றாள். "நான் நிக்கிறன்."